கைவினை வாழ்த்து அட்டை

கெட்டித் தாளை மடித்து, அதன் முகப்பில் வெட்டிய காகிதம், ரப்பர் முத்திரை, நாடா, காகிதச் சுருள் போன்றவற்றைக் கையால் ஒட்டியும் பதித்தும் ஒவ்வொன்றாகச் செய்து முடிக்கும் வாழ்த்து மடலே கைவினை வாழ்த்து அட்டை. அச்சகத்தில் ஆயிரக்கணக்கில் அடிக்கப்படும் அட்டைக்கு இது மாற்று. ஆனால் ‘கையால் செய்தது’ என்ற சொல்லை எழுத்துக்கு எழுத்து நம்ப வேண்டியதில்லை. தாள் ஆலையிலிருந்து வருகிறது, பூவும் இலையும் இரும்பு அச்சில் வெட்டுப்பட்டுப் பொட்டலமாக வருகின்றன, முத்திரையின் படத்தை வேறொருவர் வரைந்திருக்கிறார். எதை எதோடு சேர்ப்பது என்று முடிவுசெய்து, அடுக்கி, ஒட்டுவதுதான் பெரும்பாலும் கையின் வேலை. இந்தக் கலப்பு புதியதும் அல்ல. தொழிலாகத் தலையெடுத்த நாளிலேயே கைவினை அட்டை ஆலைச் சரக்கைக் கையால் கோத்துத்தான் பிழைத்தது.

தோற்றம்

வாழ்த்து அட்டையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது அஞ்சல்துறைச் சீர்திருத்தம். பிரிட்டனில் 1840 வரை, கடிதம் போன தொலைவையும் தாள்களின் எண்ணிக்கையையும் பார்த்துக் கட்டணம் வாங்கினார்கள். பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவரே அதைச் செலுத்த வேண்டும். அந்த ஆண்டு ரோலண்ட் ஹில்லின் திட்டப்படி நாடெங்கும் ஒரே பென்னி என்று ஆனது. அந்தத் திட்டத்துக்காக உழைத்தவர்களில் ஒருவரான ஹென்றி கோல், 1843-இல் ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு கிறிஸ்துமஸ் அட்டை ஒன்றை வரையவைத்தார். விலைக்கு விற்கப்பட்ட முதல் கிறிஸ்துமஸ் அட்டை அதுதான். சுமார் ஆயிரம் படிகள் கல்லச்சில் அடிக்கப்பட்டுக் கையால் வண்ணம் தீட்டப்பட்டன. விலை ஒரு ஷில்லிங், அதாவது தபால்தலையைப்போல் பன்னிரண்டு மடங்கு. படத்தில் குடும்பத்தினர் விருந்துண்ண, ஒரு குழந்தைக்கும் திராட்சை மது ஊட்டப்படுகிறது. மதுவிலக்குக்காரர்கள் அதைக் கண்டித்தார்கள்.

இதற்கு இணையாக வளர்ந்தது காதலர் தின அட்டை. தாளைப் புடைப்பு அச்சில் அழுத்தி, மேலெழுந்த புள்ளிகளை அரத்தால் தேய்த்துவிட்டால் அங்கெல்லாம் துளை விழும், தாள் பின்னல் துணிபோலத் தெரியும். லண்டனில் 1830-களில் பிடிபட்ட இந்த வித்தையிலிருந்து காகிதச் சரிகை பிறந்தது. அதைக் கையால் ஒட்டி விலையுயர்ந்த அட்டைகள் செய்தார்கள். 1860-களில் யூஜின் ரிம்மல் என்ற வாசனைத் திரவிய வணிகர் நறுமணப் பொதி வைத்த அட்டைகளையே விற்றார்.

எஸ்தர் ஹௌலண்ட்

கைவினை அட்டையை வீட்டிலிருந்து நடத்தும் தொழிலாக்கியவர் என்று முதலில் சொல்ல வேண்டிய பெயர் எஸ்தர் ஹௌலண்ட் (1828–1904). அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் நகரைச் சேர்ந்தவர். தந்தைக்குப் புத்தகமும் எழுதுபொருளும் விற்கும் கடை. மவுண்ட் ஹோல்யோக் பெண்கள் கல்விக்கூடத்தில் 1847-இல் படிப்பை முடித்துவந்த எஸ்தருக்கு, இங்கிலாந்தில் செய்த சரிகை அட்டை ஒன்று கிடைத்தது. இதைவிட நன்றாக நம்மால் செய்ய முடியும் என்று அவருக்குத் தோன்றியது. தந்தை வழியாகக் காகிதச் சரிகையையும் பூப்படங்களையும் தருவித்துச் சில மாதிரிகள் செய்தார். கடைச் சரக்குக்கு ஆர்டர் பிடிக்கப் புறப்பட்ட சகோதரர் அவற்றையும் எடுத்துப் போனார். இருநூறு டாலருக்கு ஆர்டர் வந்தால் போதும் என்று எஸ்தர் எண்ணியிருக்க, சகோதரர் ஐயாயிரம் டாலருக்கு மேல் ஆர்டரோடு திரும்பினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை.

அடுத்து அவர் செய்ததுதான் முக்கியமானது. அத்தனை அட்டைகளை ஒருவர் செய்து முடிக்க முடியாது. ஆகவே தோழிகளை வீட்டுக்கு அழைத்து வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்தார். ஒருத்தி படங்களை வெட்டுவாள், ஒருத்தி பின்னணி ஒட்டுவாள், இன்னொருத்தி எஸ்தரின் மாதிரியைப் பார்த்து அடுக்குவாள். ஹென்றி ஃபோர்டின் கார் ஆலையில் 1913-இல் ஓடத் தொடங்கிய வரிசைமுறை உற்பத்தியை நினைவூட்டும் இந்த ஏற்பாடு, அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வீட்டு மாடியில் நடந்தது. வெளியே வர முடியாத பெண்களுக்குத் தேவையான பொருள்களைப் பெட்டியில் வைத்து வண்டியில் அனுப்பி, ஒரு வாரம் கழித்து முடித்த அட்டைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இன்று நம் ஊரில் பீடி சுற்றுவதும் தீப்பெட்டி ஒட்டுவதும் நடக்கும் முறை இது.

தொழில்நுட்பத்திலும் அவர் கை தெரிந்தது. வெள்ளைச் சரிகைக்கு அடியில் பளபளக்கும் வண்ணத் தாள் துண்டை வைத்து, துளைகள் வழியே நிறம் எட்டிப்பார்க்கச் செய்தார். மடித்த காகித விசைகளால் சரிகையை அடித்தாளிலிருந்து தூக்கி நிறுத்தினார். இன்று இரட்டைப்பக்க ஃபோம் டேப் செய்யும் வேலையை அன்று ஒரு காகித மடிப்பு செய்தது. மலிவான அட்டைகள் ஐந்து சென்ட்டுக்கும், வேலைப்பாடு மிகுந்தவை அதைவிடப் பல மடங்கு விலைக்கும் விற்றன. வாழ்த்து வரிகள் உள்ளே ஒரு சிறு தாளில் ஒட்டப்பட்டன. வாங்குபவருக்கு வரி பிடிக்காவிட்டால் என்ன செய்வது? அதற்காகவே 1879-இல் 131 வாழ்த்துப் பாக்கள் அடங்கிய புத்தகம் ஒன்றை வெளியிட்டார். பிடித்ததை வெட்டி, பழைய வரியின்மேல் ஒட்டிக்கொள்ளலாம்.

1866-இல் முழங்காலில் அடிபட்டபின் பல காலம் சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழிலை நடத்தினார். நியூ இங்கிலாந்து வேலன்டைன் கம்பெனி என்று பெயர் பெற்ற அந்த நிறுவனத்தை, நோயுற்ற தந்தையைக் கவனிக்க வேண்டி, 1880-களின் தொடக்கத்தில் ஜார்ஜ் விட்னி என்ற போட்டியாளருக்கு விற்றார். விட்னி படிப்படியாக இயந்திரத்துக்கு மாறினார். இரண்டாம் உலகப்போரின் காகிதத் தட்டுப்பாட்டில் 1942-இல் அந்த நிறுவனமும் மூடப்பட்டது. எஸ்தர் செய்வித்த அட்டைகள் பலவற்றின் பின்புறம் சிவப்பு மையில் ‘எச்’ என்ற ஆங்கில எழுத்து இருக்கும். சேகரிப்பவர்கள் அட்டையைத் திருப்பி முதலில் தேடுவது அதைத்தான்.

தாளும் பசையும்

அட்டையின் தரம் அடித்தாளிலிருந்து தொடங்குகிறது. தாளின் கனத்தை ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று, அதாவது ஜி.எஸ்.எம். கணக்கில் சொல்வார்கள். ஜெராக்ஸ் தாள் 75 அல்லது 80. அட்டைக்கு 250 முதல் 300 வரை வேண்டும். அதற்குக் குறைந்தால் நிற்க வைத்த அட்டை சரிந்துவிடும். ஏ4 தாளைப் பாதியாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் மடித்தால் 105-க்கு 148 மி.மீ. அளவுள்ள இரண்டு அட்டைகள் கிடைக்கும். சி6 எனப்படும் உறை, 114-க்கு 162 மி.மீ., அதற்கென்றே அமைந்தது.

புதிதாகச் செய்பவர்கள் கவனிக்காமல் விடுவது தாளின் நார்ப்போக்கு. ஆலைத் தாளில் நார்கள் பெரும்பாலும் இயந்திரம் ஓடிய திசையில் படுத்திருக்கும். அந்தத் திசையோடு மடித்தால் மடிப்பு கத்திபோல விழும். குறுக்கே மடித்தால் மேல்பூச்சு வெடித்து வெள்ளை தெரியும். தாளை இரு பக்கமும் மெல்ல வளைத்துப் பார்த்தால் போதும், எளிதாக வளைவது நார்ப்போக்கின் திசை. மடிக்குமுன் மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அளவுகோல் வைத்து ஒரு கோடு அழுத்திக்கொள்ள வேண்டும். இதற்கென எலும்பில் செய்த கருவிகள் விற்கின்றன. பேனாவும் அதே வேலையைச் செய்யும்.

ஒட்டுவதில் தண்ணீர்தான் எதிரி. ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையின் ஈரத்தில் நார்கள் உப்பி, காயும்போது தாள் நெளிந்துவிடுகிறது. மெல்லிசாகத் தடவி, கனமான புத்தகத்தின் அடியில் வைத்துக் காயவிட வேண்டும். பெரிய பரப்புக்கு டபுள் சைடு டேப் மேல். ஜிகினாத் தூள் போட்ட அட்டை கடையில் மின்னும், வாங்கியவரின் சட்டையிலும் மின்னும். அளவோடு போடுவது நல்லது.

கைத்தாளுக்கு இந்தியாவில் தனி வரலாறு உண்டு. காந்தி 1934-இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில்கள் சங்கம் எடுத்துக்கொண்ட தொழில்களில் கைத்தாளும் ஒன்று. சங்கத்தின் செயலாளராக இருந்து நடத்தியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா. ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேரில் உள்ள தேசியக் கைத்தாள் நிறுவனம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் ஆலையும் புகழ்பெற்றது. இலங்கையில் கேகாலைப் பக்கம் யானைச் சாணத்தில் எஞ்சும் நாரிலிருந்தும் தாள் செய்கிறார்கள். கழிவுப் பருத்தித் துணியைக் கூழாக்கிச் சல்லடைச் சட்டத்தில் அள்ளும் கைத்தாளில் நார்கள் எல்லாத் திசையிலும் கிடப்பதால், எப்பக்கமும் மடியும். ஆனால் மேற்பரப்பு சமமாக இல்லாததால் ரப்பர் முத்திரை திட்டுத்திட்டாக விழும். காய்ந்த பூவும் இலையும் ஒட்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான தாள் இல்லை.

செய்முறைகள்

காகிதச் சுருள் வேலையை நம் ஊர்க் கடைகளில் குவில்லிங் என்றே கேட்கிறார்கள். 3 அல்லது 5 மி.மீ. அகலமுள்ள காகித நாடாவைப் பிளவுள்ள ஊசியில் சுற்றி, தளரவிட்டு, ஒரு முனையைக் கிள்ளினால் இதழ். இரு முனையையும் கிள்ளினால் இலை. ஊசி இல்லையென்றால் ஈர்க்குச்சியைப் பிளந்து பயன்படுத்தலாம். ஐரோப்பிய மடங்களில் புனிதச் சின்னப் பேழைகளை அலங்கரிக்கத் தொடங்கிய வேலை இது. ரப்பர் முத்திரையில் மெதுவாகக் காயும் மையைத் தொட்டுப் பதித்து, அதன்மேல் பிசின் தூளைத் தூவி, சூடான காற்றைக் காட்டினால் தூள் உருகிப் புடைத்த கோடாகும். ஹீட் எம்பாசிங் என்பது இதுதான்.

திறந்தால் எழுந்து நிற்கும் அட்டையில் கணக்கு இருக்கிறது. மடிப்புக்குக் குறுக்கே இணையாக இரண்டு வெட்டுப் போட்டு, நடுப்பட்டையை உள்ளே தள்ளினால் ஒரு பெட்டி எழும். எழும் பகுதி முன்னால் நீளும் அளவும் உயரமும் சேர்ந்து, விரித்த அட்டையின் பாதி அளவைத் தாண்டினால், மூடும்போது வெளியே மூக்கை நீட்டும். ஒரே தாளில் கட்டடங்களை எழுப்பும் இந்தக் கலையை 1980-களில் பரப்பியவர் ஜப்பானியக் கட்டடக்கலைப் பேராசிரியர் மசாஹிரோ சாத்தானி. இன்று இவ்வகை அட்டைகள் வியட்நாமில் பெருமளவில் செய்யப்படுகின்றன. 2014-இல் பாஸ்டனில் தொடங்கிய லவ்பாப் நிறுவனத்தின் அட்டைகளும் அங்கேதான் உருப்பெற்றன. லேசர் வெட்டுகிறது, கை கோக்கிறது. எஸ்தரின் மாடியில் நடந்த வேலைப் பிரிவினை கடல் கடந்திருக்கிறது.

விலையும் விற்பனையும்

கைவினை அட்டையின் விலையில் தாள் சிறு பங்கு, நேரமே பெரும் பங்கு. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: பொருள் 25 ரூபாய், செய்ய 40 நிமிடம், கூலி மணிக்கு 90 ரூபாய் என்றால் கூலி மட்டும் 60. அடக்கம் 85 ரூபாய். விற்கும் கடை 35 விழுக்காடு கழிவு கேட்டால், அட்டையின் விலை 131 ரூபாய்க்குக் குறையக் கூடாது. வீட்டில் செய்யும் பலர் பொருளின் விலையை இரட்டித்து 50 ரூபாய்க்கு விற்கிறார்கள். கடைக்கழிவு இல்லாமல் நேராக விற்றால்கூட மீதம் 25 ரூபாய்; மணிக்கு 38 ரூபாய்கூடத் தேறாது. பொழுதுபோக்குக்கு அது சரி, பிழைப்புக்கு ஆகாது. வழி, எஸ்தர் காட்டியதுதான்: ஒரே வடிவத்தில் இருபது அட்டைகளை எடுத்து, முதலில் எல்லாவற்றையும் வெட்டி, பிறகு எல்லாவற்றையும் மடித்து, பிறகு ஒட்டுவது. உட்புறத்தை எழுத்தின்றி விட்டால் ஒரே அட்டை பிறந்தநாளுக்கும் ஆகும், நன்றி சொல்லவும் ஆகும்.

முத்திரைப் படத்துக்குப் பதிப்புரிமை உண்டு. விலை கொடுத்து வாங்கினாலும் அதை வைத்து விற்பனைக்குச் செய்யும் உரிமை தானாக வந்துவிடாது. கையால் பதித்து விற்க எந்த அளவுக்கு இசைவு என்பதை அமெரிக்க, பிரிட்டிஷ் முத்திரை நிறுவனங்கள் ‘ஏஞ்சல் பாலிசி’ என்ற பெயரில் அறிவிக்கின்றன. பெரும்பாலானவை கையால் பதிப்பதை அனுமதிக்கும், படத்தை ஸ்கேன் செய்து அச்சடிப்பதை அனுமதிக்காது.

தமிழ்நாட்டில் வாழ்த்து அட்டை என்றால் ஒரு தலைமுறைக்குப் பொங்கல்தான். சிவகாசியில் அச்சான முருகனும் நடிகர்களும் கரும்பும் பானையும் தை பிறக்குமுன் கடை வாசல் கயிறுகளில் தொங்கின. அந்த அட்டைகளை வாங்கக் காசில்லாத பிள்ளைகள் சார்ட் பேப்பரை வெட்டி, ஸ்கெட்ச் பேனாவால் பானை வரைந்து, ஜிகினா ஒட்டி அனுப்பினார்கள். கைபேசிக் குறுஞ்செய்தி அச்சு அட்டையைச் சாய்த்தது. கைவினை அட்டை சாயவில்லை, இடம் மாறிக்கொண்டது: திறந்தால் நான்கு பக்கமும் விரிந்து புகைப்படங்கள் காட்டும் எக்ஸ்ப்ளோஷன் பாக்ஸ் இப்போது பிறந்தநாளுக்கு இன்ஸ்டாகிராமில் ஆர்டர் எடுத்துச் செய்யப்படுகிறது. சென்னையில் தாளும் உறையும் மொத்தமாக வாங்குபவர்கள் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போகிறார்கள்.

கடைசியில் எல்லா அட்டையும் அஞ்சல் தராசுக்கு வந்து சேர்கிறது. பிரிட்டனில் 2006 முதல் எடையோடு அளவும் பார்க்கிறார்கள். 5 மி.மீ. தடிப்பைத் தாண்டினால் சாதாரணக் கடிதமாக ஏற்பதில்லை. ரிப்பன் முடிச்சும் பொத்தானும் வைத்த அட்டைகள் அன்றோடு செலவு கூடியவை ஆயின. அமெரிக்காவில் சதுர உறைக்கே கூடுதல் கட்டணம். இந்தியாவில் கடிதத்தின் முதல் எடைப் படி 20 கிராம். 300 ஜி.எஸ்.எம். தாளில் செய்த மேற்சொன்ன அளவு அட்டை 9.4 கிராம், உறை ஏறத்தாழ 5 கிராம். அலங்காரத்துக்கு மிஞ்சுவது ஐந்தரை கிராம். தபாலில் போகும் அட்டைக்கு விலை எழுதுமுன், உறையோடு ஒருமுறை நிறுத்துப் பார்த்துக்கொள்ளவும்.