கர்ப்ப காலத்தில் அரிஷ்டமும் அக்கானியும்

அஞ்சுகிராமம் பக்கம் நம் வீட்டு அடுக்களைக்குள் மது பாட்டில் வராது, அரிஷ்டம் வரும். புளிக்க வைத்துத் தயாராகும் தசமூலாரிஷ்டம் போன்றவற்றில் தானாகவே ஆல்கஹால் உண்டாகிறது. பொதுவாக 5 முதல் 10 சதவீதம், அதாவது பீருக்குக் குறையாத அளவு. லேபிளிலேயே போட்டிருக்கும். "மருந்துதானே, ரெண்டு மூடி குடி" என்று மாமி ஊற்றும்போது மருமகள் கர்ப்பிணியாக இருந்தால் அதைப் படித்தே ஆக வேண்டும்.

தாயின் ரத்தத்தில் கலந்த ஆல்கஹால் நஞ்சுக்கொடி வழியே சிசுவுக்குப் போகிறது. அதை முறிக்கும் வலு சிசுவின் கல்லீரலுக்கு இல்லை. மூளை வளர்ச்சி பாதிக்கப்படலாம். பிரிட்டனில் 2008 வழிகாட்டுதல், முதல் மூன்று மாதங்களுக்குப் பிறகு வாரம் ஓரிரு முறை சிறிதளவு குடிப்பதைப் பொறுத்துக்கொண்டது. 2016இல் அறவே வேண்டாம் என்று மாற்றிவிட்டார்கள். பாதுகாப்பான அளவு இதுதான் என்று எவராலும் சொல்ல முடியவில்லை. அதிகமானால் போதை தருவதில் கொஞ்சமும் ஹராம் என்ற சட்டத்தை நாம் மதரஸாவில் சிறு வயதிலேயே ஓதியவர்கள்.

மருந்தாக அரிஷ்டம் குடிப்பது பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கர்ப்பிணிக்கு அந்த விவாதமே தேவையில்லை, விட்டுவிடலாம்.

அக்கானி? கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கிய புதிய அக்கானிக்குத் தடையில்லை. சர்க்கரை இருப்பவர்கள் டாக்டரைக் கேட்கவும். நுரைத்துப் புளித்துவிட்டால் அது கள்.

தெரியாமல் அரிஷ்டம் குடித்திருந்தால் பயந்து மறைக்க வேண்டாம். அடுத்த செக்கப்பில் பாட்டிலோடு போய் டாக்டரிடம் காட்டுங்கள்.