கழுவாத ஃபிலிமும் விமான நிலையமும்: ஒரு மூட்டத்தின் வரலாறு

எக்ஸ் கதிரால் ஒளிப்பட ஃபிலிமில் படியும் கறையை ஒளிப்படக்காரர்கள் 'மூட்டம்' என்பர். அதை வெறும் சேதமாகவே கருதுவது வழக்கம். வரலாறு பயில்வோர் அதை ஓர் ஆவணமாகவும் வாசிக்கலாம் என்பதே என் கருத்து.

எக்ஸ் கதிரின் வரலாறே இத்தகைய கறையில்தான் தொடங்குகிறது. 1890 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் குட்ஸ்பீடும் ஜென்னிங்ஸும் ஓர் ஒளிப்படத் தகட்டில் விளங்காத வட்ட நிழல்களைக் கண்டு, காரணம் தெரியாமல் ஒதுக்கி வைத்தனர். 1895இல் ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்த பின்னரே அவை நாணயங்களின் எக்ஸ் கதிர் நிழல் என்பது புலப்பட்டது. கறை முன்பே இருந்தது. அதை வாசிப்பதற்கான கேள்விதான் இல்லை. 1896இல் பாரிஸில் பெக்கரல், இழுப்பறையில் யுரேனிய உப்போடு வைத்திருந்த தகட்டைக் கழுவிப் பார்த்துக் கதிரியக்கத்தை அறிந்தார். 1945இல் கோடாக் நிறுவனத்தின் எக்ஸ் கதிர் ஃபிலிம்களில் புள்ளிகள் தோன்றின. அந்நிறுவனத்தின் இயற்பியலாளர் ஜூலியன் வெப், ஃபிலிமைப் பொதிந்த வைக்கோல் அட்டையிலிருந்து தொடங்கி, இண்டியானா மாநிலத்தில் அவ்வட்டை தயாரான ஆலைக்கும், அங்கிருந்து ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோவில் நடந்த முதல் அணுவெடிப்புக்கும் தடம் பிடித்துச் சென்றார். எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த ஆவண வாசிப்புகளுள் அதுவும் ஒன்று.

விமானப் பயணத்திற்கு வருவோம். விமானக் கடத்தல்கள் பெருகியதால் 1973 ஜனவரியில் அமெரிக்காவில் எல்லாப் பயணிகளையும் அவர்தம் கைப்பைகளையும் சோதிப்பது கட்டாயமாயிற்று. எக்ஸ் கதிர்க் கருவிகள் பரவின. ஒளிப்படக்காரர்கள் ஈயப் பைகளை வாங்கினர். 'ஃபிலிமுக்குத் தீங்கில்லை' என்ற அறிவிப்பு கருவிகளின் மேல் இடம்பெற்றது. பயணி கேட்டால் ஃபிலிமைக் கையால் சோதிக்க வேண்டும் என்ற விதியும் அந்நாட்டில் வந்தது. அவ்வறிவிப்பு பெருமளவு உண்மையே. அக்கருவிகளின் கதிரளவு குறைவு, ஐ.எஸ்.ஓ. 800க்குக் குறைந்த ஃபிலிமில் ஓரிரு சோதனைகளால் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் ஏற்படாது. வேகம் மிகுந்த ஃபிலிமில் வெள்ளி உப்பின் படிகங்கள் பெரியவை. ஆகவே அதற்கே ஆபத்து அதிகம். ஒவ்வொரு சோதனையின் விளைவும் முந்தையதோடு கூடிக்கொண்டே போகும் என்பதையும் மறத்தலாகாது.

1988இல் லாக்கர்பியில் விமானம் வெடித்துச் சிதறிய பின் நிலைமை மாறிற்று. சரக்கறைக்குச் செல்லும் பெட்டிகளில் வெடிபொருளைக் கண்டறிய, மருத்துவமனைகளின் சி.டி. ஸ்கேன் நுட்பம் விமான நிலையத்திற்கு வந்தது, சி.டி.எக்ஸ். 5000 என்ற கருவி 1994இல் அமெரிக்க அரசின் சான்று பெற்றது. இதன் தேவையை நான் மறுக்கவில்லை. 1985இல் 329 பேரைப் பலிகொண்ட ஏர் இந்தியா 182 விமானத்திற்காக டொராண்டோவில் பெட்டிகளைச் சோதித்த எக்ஸ் கதிர்க் கருவி அன்று பாதியிலேயே பழுதடைந்தது என்பதை நாம் மறந்துவிட முடியாது.

ஆயினும் புதிய கருவி சந்தேகத்திற்குரிய பகுதியின் மேல் குறுகிய, செறிந்த கதிர்க்கற்றையைப் பாய்ச்சியது. ஐ.எஸ்.ஓ. 100 ஃபிலிம்கூட அதற்குத் தப்பவில்லை. நெகட்டிவில் சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் கருமையான பட்டை விழும். அச்சில் அது வெளுத்துத் தெரியும். சுருளை நேராக வெட்டிச் சென்ற கற்றை, ஃபிலிமை விரித்ததும் அலை அலையாகக் காணப்படுவதுண்டு. கேமராவில் ஒளிக் கசிவு ஏற்பட்டால் இவ்வடிவம் வராது. பழைய ஃபிலிமின் மூட்டமோ பரவலாக இருக்கும். ஆகவே அலைப்பட்டை ஏறத்தாழ ஒரு கையொப்பம். அது காணப்படும் நெகட்டிவ், சி.டி. கருவிகள் விமான நிலையங்களில் பரவிய பின் கழுவப்படாமல் பயணம் செய்தது என்று ஊகிக்கலாம்.

அண்மை ஆண்டுகளில் சி.டி. கருவி கைப்பைச் சோதனைக்கும் வந்துவிட்டது. அதே வரிசை, அதே தட்டு. 'கைப்பையில் வைத்தால் போதும், 800 வரை அச்சமில்லை' என்ற பழைய அறிவுரை மட்டும் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. சொல் மாறவில்லை, அது சுட்டிய பொருள் மாறிவிட்டது. ஈயப் பையும் முழுத் தீர்வன்று: திரையில் ஒன்றும் தெரியாத கரும்பகுதி தோன்றினால் அலுவலர் பையைத் திறக்கச் சொல்வார், அல்லது மீண்டும் கருவிக்குள் அனுப்புவார்.

களப்பணிக்கு ஃபிலிம் கேமரா கொண்டு செல்லும் ஆய்வு மாணவர்கள், சுருள்களை டப்பாக்களிலிருந்து எடுத்து ஒளிபுகும் பையில் இட்டு, சோதனைக்கு முன்பே பணிவுடன் கைச்சோதனை கோரலாம். கிடைக்கும் என்ற உறுதி எல்லா நாட்டிலும் இல்லை. இயன்றால் ஊர் திரும்புமுன் அங்கேயே கழுவிவிடுவது மேல். கழுவும்வரை சேதம் தெரியாது. கழுவிய பின்னும் எந்த நிலையத்தில் நேர்ந்தது என்பதை ஃபிலிம் சொல்லாது. எனவே ஒவ்வொரு சுருளும் எந்தெந்த விமான நிலையங்களைக் கடந்தது, எந்தக் கருவிக்குள் சென்றது என்பதைக் களக்குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். நெகட்டிவ்களை எண்ணிமமாக்கும்போது அப்பட்டையை மென்பொருளால் அழிப்பது எளிது. அழித்த படிவத்தோடு அழிக்காத படிவத்தையும் சேமித்து, பட்டியலில் அதற்கென ஒரு வரி ஒதுக்குங்கள்.