நடப்பு வட்டியும் மடக்கும்: நிரலாக்கத் திட்டமிடலின் வரலாறு

செட்டிநாட்டு நகரத்தார் பர்மாவில் நடத்திய வட்டித் தொழிலுக்கு ‘நடப்பு வட்டி’ அடிப்படையாக விளங்கியது. ரங்கூனில் அவர்கள் மாதந்தோறும் கூடி இவ்விகிதத்தை நிர்ணயித்தனர். இதனைப் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழுவின் 1930ஆம் ஆண்டு அறிக்கை விவரிக்கிறது. விகிதம் மாறுவதால், அசல் மாறாத தனிவட்டியைக்கூட ஒரே பெருக்கலில் காண இயலாது. மாதவாரியாகக் கணித்துக் கூட்ட வேண்டும். இவ்வாறு திரும்பத் திரும்பச் செய்யும் கணிப்பையே நிரலாக்கத்தில் மடக்கு என்பர்.

மடக்கைப் படமாக வரைந்து திட்டமிடும் முறையைக் கோல்ட்ஸ்டைனும் வான் நாய்மனும் 1947இல் தம் அறிக்கையில் விளக்கினர். அவர்தம் பாய்வுப்படத்தில் நிபந்தனைக்கும் மாறியின் மதிப்பு மாற்றத்திற்கும் தனித்தனிப் பெட்டிகள் இருந்தன. படத்தின் அம்புக்குறி எங்கும் செல்லலாம். நிரலில் அது தாவல் கட்டளையாகும். அக்கட்டளையின் தீங்கை டைக்ஸ்ட்ரா 1968இல் சுட்டினார். கட்டமைப்பு நிரலாக்கம் பரவியபின் போலிக்குறிமுறை செல்வாக்குப் பெற்றது. 1977இல் ஷ்னைடர்மேன் குழுவினர் வெளியிட்ட சோதனைகளிலும் விரிவான பாய்வுப்படத்தால் கூடுதல் பயன் புலப்படவில்லை.

ஓராண்டு நடப்பு வட்டிக்கான போலிக்குறிமுறை வருமாறு:

வட்டி ← 0. மாதம் ← 1
மாதம் ≤ 12 ஆக உள்ளவரை
    வட்டி ← வட்டி + அசல் × அம்மாத விகிதம் ÷ 100
    மாதம் ← மாதம் + 1
வட்டியை வெளியிடு

நான்காம் வரி விடுபட்டால் மடக்கு முடிவுறாது. போலிக்குறிமுறையில் இப்பிழை எளிதில் கண்ணுக்குத் தப்பும். 1947ஆம் ஆண்டு முறையிலோ வெற்றுப் பெட்டியே அதனைக் காட்டிவிடும். எனவே முழு நிரலுக்கும் பாய்வுப்படம் வேண்டாவிடினும், தொடக்கநிலை மாணவர் முதல் மடக்கை வரைந்தபின் எழுதுவதே தகும் எனலாம்.