அன்னா மணி கற்ற தொழில்

வானிலைக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கும் எனக்கு, நேரில் பார்த்திராத அன்னா மணிதான் ஆசான். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். பெங்களூரில் சர் சி. வி. ராமனிடம் வைரத்தின் ஒளிர்வை ஆராய்ந்தவர். ஆய்வேடு கொடுத்தும், முதுகலைப் பட்டம் இல்லையென்று முனைவர் பட்டத்தை மறுத்துவிட்டார்கள். இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

1945-இல் உதவித்தொகை பெற்று லண்டன் போனார். அங்கே கற்றது வானிலைக் கருவிகள். 1948-இல் திரும்பிப் புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்தார். வெப்பமானிகூட வெளிநாட்டிலிருந்து வந்த காலம். ஏறத்தாழ 100 கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தி, இங்கேயே செய்யவைத்தார். வைரத்தில் ஒளியை அளந்து பழகியவர், 1957–58 சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டையொட்டி, வெயிலை அளக்கும் நிலையங்களை நாடெங்கும் அமைத்தார். இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சு பற்றிய அவரது தரவுக் கையேடு 1980-இல் வெளிவந்தது.