கிட்
வெள்ளாட்டுக் குட்டிக்குத்தான் ஆங்கிலத்தில் ‘கிட்’ என்று பெயர். செம்மறிக் குட்டிக்கு வேறு சொல். பழைய நார்ஸ் மொழி தந்த வார்த்தை இது. 16ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் மனிதப் பிள்ளைகளையும் கொச்சையாக இப்படிக் குறிக்கத் தொடங்கினார்கள். அடுத்த நூற்றாண்டில் பிறந்த ‘கிட்நாப்’பிலும் இதே கிட்தான், ‘நாப்’ என்றால் பறித்துக்கொள்வது. அமெரிக்கக் குடியேற்றங்களில் வேலைக்கு விடப் பிள்ளைகளைப் பிடித்துக் கப்பலேற்றிய கும்பல்களின் தொழில் அது. இன்று அறுபது வயதுக்காரரைக் கடத்தினாலும் கிட்நாப்தான்!

வெள்ளாட்டுக் குட்டியின் தோலில் தைத்த கையுறை அவ்வளவு மிருது. அதனால்தான் ஒருவரைப் பூப்போல நடத்துவதற்கும் ‘கிட் கிளவ்ஸ்’ என்கிறார்கள். குட்டியைக் கேட்டால் வேறு சொல்லும். ‘கிட்டிங்’ என்றால் பொதுவாகக் கேலி. ஆட்டுப் பண்ணையில் மட்டும் பிரசவம்.