கூரை மேல் ஓர் அடுப்பு

1988. வங்கதேசத்தின் ஐந்தில் மூன்று பங்கு நிலம் தண்ணீருக்குள் கிடந்த ஆண்டு. டாக்காவை ஒட்டிய ஜிஞ்சிராவில் ஒரு பெண் வீட்டுக் கூரை மேல் அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தார். புகைப்படக்காரர் ஷாஹிதுல் ஆலம் அதைப் படமெடுத்தார். வெள்ளம் என்றால் நீளும் கைகளும் மேலிருந்து விழும் நிவாரண மூட்டைகளும்தான் என்று பழகிப்போன வெளிநாட்டுப் பத்திரிகைக் கண்களுக்கு இது பிடிபடாத படம். அந்தப் பெண் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சாப்பாட்டு வேளை வந்துவிட்டது, உலை வைக்கிறார்.

ஆலம் கேமராவைத் தேடிப் போனவர் அல்லர். 1955இல் டாக்காவில் பிறந்து, லண்டனில் வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். 1980இல் வட அமெரிக்கா போனபோது, நண்பர் ஒருவர் தனக்கு ஒரு நிக்கான் வாங்கிவரச் சொன்னார். வாங்கிவந்தார், நண்பரிடம் பணம் இல்லை. தலையில் விழுந்த கேமராவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? படமெடுக்க ஆரம்பித்தார். 1984இல் ஊர் திரும்பியபோது வேதியியல் பின்னால் போய்விட்டிருந்தது.

டாக்காவில் அப்போது புகைப்படக் கலை இல்லாமல் இல்லை. ‘டாடி’ என்றே எல்லோரும் அழைத்த கோலாம் காசிம் 1962இல் கேமரா ரிக்ரியேஷன் கிளப் தொடங்கியிருந்தார். அதற்கு முன்பே, 1960இல், மன்சூர் ஆலம் பேக் ‘பேகார்ட்’ என்ற பயிற்சிக்கூடத்தை நிறுவினார். பல தலைமுறைகள் பிலிம் கழுவவும் பிரிண்ட் போடவும் கற்றது இத்தகைய இடங்களில்தான். பத்திரிகைப் படக்காரர்களும் சளைத்தவர்கள் அல்லர். ரஷீத் தாலுக்தார் 1969 எழுச்சியையும் 1971 விடுதலைப் போரையும் படம்பிடித்தார். சையீதா கானம் 1956 முதலே ‘பேகம்’ இதழுக்குப் படமெடுத்தார். கேமராவும் கையுமாக ஒரு பெண் தெருவில் நடப்பதே செய்தியாக இருந்த காலம் அது. ஆனால் கிளப்களில் பரிசு வாங்கியவை பெரும்பாலும் அழகுப் படங்கள்: படகு, பனிமூட்டம், சாயுங்காலச் சூரியன். புகைப்படச் சங்கத்துக்கு மூன்று முறை தலைவராக இருந்த ஆலத்துக்கு அந்த ருசி நன்றாகத் தெரியும். போதாது என்பதும் தெரியும்.

ஏன் போதாது என்பதற்கு அவர் அடிக்கடி சொல்லும் கதை ஒன்று உண்டு. வட அயர்லாந்தில் நண்பர்கள் வீட்டில் தங்கியிருந்தபோது, பையிலிருந்த சில்லறையை எடுத்து மேசை மேல் வைத்தார். அந்த வீட்டின் ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒரே ஆச்சரியம். வங்கதேசத்துக்காரரிடம் காசு இருக்குமா! குழந்தை தானாகக் கண்டுபிடித்த எண்ணமா அது? பார்த்த படங்கள் எல்லாம் அதற்கு அப்படித்தான் சொல்லியிருந்தன. ‘மூன்றாம் உலகம்’ என்ற பெயரை மறுத்து, உலக மக்களில் பெரும்பாலோர் வாழும் நாடுகளை ‘பெரும்பான்மை உலகம்’ என்று அழைக்க அவர் பழக்கியதும் இதே எரிச்சலில்தான்.

1989 செப்டம்பரில் அவர் தொடங்கிய ‘த்ரிக்’ படநிறுவனம் பிறந்தது. த்ரிக் என்றால் பார்வை. நமக்கு அந்நியமான சொல் அல்ல. நம் திருக்கணிதப் பஞ்சாங்கத்தில் இருப்பதும் அதே ‘திருக்’தான். உள்ளூர்க்காரர் எடுத்த படத்தை உலகச் சந்தைக்கு நேரடியாகக் கொண்டுபோவது அதன் வேலை.

1994இல் த்ரிக் இன்னொரு காரியம் செய்தது. டாக்காவின் உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் சிலரைச் சேர்த்து, ‘அவுட் ஆஃப் ஃபோகஸ்’ என்று குழுவுக்குப் பெயர் வைத்துக் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுத்தது. ஏழைப் பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்துவிட்டு ஒரு கண்காட்சியோடு கைகழுவுவது பிற்பாடு உலகம் முழுக்க ஒரு மோஸ்தராகவே ஆனது. இங்கே அப்படி முடியவில்லை. அந்தப் பிள்ளைகளில் சிலர் வளர்ந்து கேமராவையே பிழைப்பாக்கிக்கொண்டார்கள்.

1998 டிசம்பரில் வந்தது ஆலம் தொடங்கிய ‘பாட்சாலா’ புகைப்படப் பள்ளி. நம் பாடசாலைதான், வங்காள நாக்கில் அப்படி. மரத்தடியில் உட்கார்ந்து படித்த பழைய பள்ளியை நினைத்து வைத்த பெயர். பெயர் பழையது, பாடம் புதியது: ஒரே மனிதரிடம், ஒரே தெருவுக்கு, மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் போ, படங்களைக் கதையாகக் கோத்துக் கொண்டு வா. அபீர் அப்துல்லா, முனேம் வாசிஃப், சர்க்கார் புரோதிக் எல்லாம் அங்கே படித்து, அங்கேயே வாத்தியார் ஆனவர்கள். தஸ்லிமா அக்தரும் அப்படித்தான். 2013 ஏப்ரல் 24 அன்று சாவாரில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது, இடிபாட்டுக்குள் ஓர் ஆணும் பெண்ணும் கட்டிப்பிடித்தபடி கிடந்ததை எடுத்தவர் அவர். உலகமெங்கும் அச்சான படம். அவரோ அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே ஆயத்த ஆடைத் தொழிலாளர்களோடு நின்றவர். பாட்சாலா எதைக் கற்றுத்தந்தது என்று கேட்டால், அந்தப் படத்தைவிட அந்த முந்தைய ஆண்டுகளைத்தான் காட்டத் தோன்றுகிறது.

ஆலத்தின் சொந்தப் படங்களோ மெல்ல வேறு பக்கம் நகர்ந்தன. இருதரப்புச் சூட்டில் சிக்கி இறந்ததாகப் பாதுகாப்புப் படையினர் கணக்குக் காட்டிய ‘கிராஸ்ஃபயர்’ கொலைகளைப் பற்றி 2010இல் அவர் வைத்த கண்காட்சியில் பிணம் கிடையாது, துப்பாக்கி கிடையாது. இருட்டில் டார்ச் வெளிச்சம் பட்ட வயல், ஆளில்லாத இடம், அவ்வளவே. அதுவே உறுத்தியது. மார்ச் 22 அன்று போலீஸ் வந்து கேலரி வாசலை மறித்தது. தொடங்கிவைக்க வந்திருந்த எழுத்தாளர் மகாஸ்வேதா தேவி தெருவிலேயே தொடங்கிவைத்தார். 1996இல் கடத்தப்பட்டுக் காணாமல்போன சக்மா மலையினப் பெண் தலைவர் கல்பனாவுக்காகச் செய்த தொடரில் அவர் காகிதத்தையே விட்டுவிட்டார். கல்பனா படுத்தது தரையில், கோரைப்பாயில். மலைமக்கள் திரும்பத் திரும்பச் சொன்னது வீடுகள் எரிக்கப்பட்ட கதையை. ஆகவே முகங்களை லேசர் கொண்டு பாயின் மேல் எரித்தே பதித்தார். படத்தில் தெரியும் கருமை மையல்ல, பாய் தீய்ந்த நிறம்.

2018 ஆகஸ்ட்டில் சாலைப் பாதுகாப்பு கேட்டு மாணவர்கள் டாக்கா தெருக்களை நிரப்பினார்கள். ஆலம் கேமராவோடு அங்கே இருந்தார். அல் ஜசீராவுக்குப் பேட்டியும் கொடுத்தார். 5ஆம் தேதி இரவு வீட்டிலிருந்து அவரைப் பிடித்துப் போனார்கள். நூறு நாளுக்கு மேல் சிறை. நவம்பர் 20 அன்று ஜாமீனில் வந்தார். அவர் தொடங்கிய புகைப்படத் திருவிழாவான ‘சோபி மேளா’ தெருவில் போகிறவர்களும் பார்க்கட்டும் என்று ரிக்‌ஷா வேன்களிலும் படங்களை ஏற்றிப் பழகியது. அதன் பத்தாவது முறை அடுத்த பிப்ரவரி இறுதியில் டாக்காவில் தொடங்கியது. அந்த ஆண்டுக்கு வைத்திருந்த தலைப்பு: ‘இடம்’.