தலைக்கணக்கும் வரத்துக்கணக்கும்: மீஞ்சூர் வட்டாரத்தில் பொது மருத்துவ நிதி

அரசு மருத்துவத்துக்குப் பணம் போதவில்லை என்ற வாதம் பழையது, சரியானதும்கூட. பொது நலவாழ்வுச் செலவை 2025க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடாக்குவோம் என்றது 2017ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வுக் கொள்கை, அது நிறைவேறவில்லை. ஆனால் தொழில் வட்டாரமான மீஞ்சூரை வைத்துப் பார்த்தால் அதற்கும் முந்தைய கேள்வி ஒன்று எழுகிறது: யாரை எண்ணி இந்தப் பணத்தைப் பிரிக்கிறோம்?

சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது விதி. அந்த 30,000 பேர் குடியிருப்போர். 2021இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், நெடுங்காலம் கையில் இருந்தது 2011இன் கணக்கே. இந்த வட்டாரத்தில் வல்லூர் அனல்மின் நிலையத்தின் 1,500 மெகாவாட், வடசென்னை நிலையத்தின் இரண்டாம் கட்ட 1,200 மெகாவாட், காட்டுப்பள்ளித் துறைமுகம் ஆகிய மூன்றும் இயங்கத் தொடங்கியது அந்தக் கணக்கெடுப்புக்குப் பிறகுதான். அவற்றைச் சுற்றி வந்து சேர்ந்த ஒப்பந்தத் தொழிலாளர்களும், அறைக்கு ஆறேழு பேராகத் தங்கும் வடமாநிலத்தவரும், சரக்குக்காகக் காத்திருக்கும் லாரி ஓட்டுநர்களும் அதில் இல்லை. காய்ச்சல் மட்டும் கணக்கெடுப்பு பார்த்து வருவதில்லை.

அவர்களுக்குத்தான் இஎஸ்ஐ இருக்கிறதே என்பார்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மிகாதவர்களுக்காக நிறுவனம் 3.25 விழுக்காடும் தொழிலாளி 0.75 விழுக்காடும் கட்டும் காப்பீட்டுத் திட்டம் அது. மருத்துவச் செலவில், வரம்புக்கு உட்பட்டு, எட்டில் ஒரு பங்கே மாநிலத்தின் பொறுப்பு. ஏட்டளவில் குறையில்லை. ஆனால் ஒப்பந்ததாரர் மாறினால் சந்தா அறுபடுகிறது. அடையாள எண் இருந்தும் பயனில்லை. சாம்பல் குட்டையை ஒட்டிய செப்பாக்கத்துப் பெண்களோ எந்த ஆலையின் சம்பளப் பட்டியலிலும் இல்லை, சாம்பலை மட்டும் சுவாசிக்கிறார்கள். முதலமைச்சரின் காப்பீடு அறுவை சிகிச்சைக்கு உதவும். மாதாமாதம் மூச்சிரைப்புக்கு மருந்து வாங்கும் வெளிநோயாளிக்கு அதில் பெரிதாக எதுவும் இல்லை. அவர் போய் நிற்பது ஆரம்ப சுகாதார நிலைய வரிசையில்.

குடியிருப்போரை அல்லாமல் வந்து நிற்கும் நோயாளிகளை எண்ணிப் பணத்தைப் பிரிப்பதற்கான முன்மாதிரியை வெளிநாட்டில் தேட வேண்டாம். 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் தருகிறது. நோயாளிகளின் வரத்தைக் கருதி மருந்துக்கான தொகை அதில் ஒதுக்கப்படுகிறது. மாவட்டக் கிடங்கிலிருந்து தேவைக்கேற்ப எடுத்துக்கொள்ளலாம். மருந்து வரத்தைப் பார்த்து வருகிறது, மருத்துவரும் செவிலியரும் தலைக்கணக்கைப் பார்த்து வருகிறார்கள். மாத்திரை இருந்தும் எழுதிக்கொடுக்க ஆள் போதாத நிலை இப்படித்தான் உருவாகிறது.

வரத்தை அளவுகோலாக்கினால் பதிவேட்டில் பொய் எண்ணிக்கை ஏறும் என்ற அச்சம் நியாயமானது. பாஸ்புக்கிலும் அந்த ஆபத்து உண்டு. அதற்காக அதை யாரும் கைவிடவில்லை. கூட்டம் அதிகமுள்ள இடத்துக்கே பணம் போனால் தொலைதூரச் சிற்றூர் காயும் என்பதும் உண்மை. ஆகவே 30,000 என்ற விதி அடித்தளமாக இருக்கட்டும்; தொழில் வட்டாரங்களில் அதன்மேல் வரத்துக்கேற்ற கூடுதல் பணியிடங்கள் அமையலாம். வெளிநோயாளியின் சீட்டில் அவர் வேலை செய்யும் இடத்தையும் காப்பீட்டு எண்ணையும் பதிந்தால், இஎஸ்ஐ கழகத்திடம் கேட்டுப் பெற வேண்டிய தொகை எவ்வளவு என்பது மாதக் கடைசியில் தெரிந்துவிடும்.